ஓட்டுநர் இரண்டு

லோன் என் பேரில்.
மாதம் ஐந்தாம் தேதி பதினான்காயிரத்து முந்நூறு
என் சம்பளத்திலிருந்துதான் போகிறது.
ஆனால் அஸ்தம்பட்டி ஷோரூமில் சாவி வாங்கிய அன்று
என் போனில் சார்ஜ் இல்லை.
குழந்தைவேலுவின் எண்ணைக் கொடுத்தோம்.
ஆகவே அவர் ஓட்டுநர் ஒன்று.
நான், அவர் அனுமதித்தால், ஓட்டுநர் இரண்டு.

என் தங்கை அதை ஆப் என்பதில்லை.
ஆப்பு என்பாள்.

திங்கள் முதல் புதன் வரை வண்டி எனக்கு:
ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல்.
வியாழன் முதல் சனி வரை அவருக்கு:
மலைமேல் விடுதிகளில் சோலார் ஹீட்டர் பழுது பார்க்க.
ஞாயிறு யாருக்கும் இல்லை,
வாசலில் நின்று வேப்பம்பூ வாங்கிக்கொள்ளும்.

கோரிமேட்டில் நான் அறுபதைத் தாண்டினால்
அவர் சட்டைப்பையில் மணி அடிக்கும்.
கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓரங்கட்டினால்
வண்டி நின்றிருக்கிறது, எட்டு நிமிடம், என்று போட்டுக்கொடுக்கும்.
அவர் ஒன்றும் கேட்டதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.
ராத்திரி தோசையைப் பிய்த்துக்கொண்டே
"இளநீ இப்ப என்ன வெல?" என்பார்.
அவ்வளவுதான்.

திங்கள் காலை ஏறினால்
பிரேக்குக்கு என் கால் எட்டாது.
கண்ணாடியில் பின்சாலைக்குப் பதில் கூரைத்துணி.
சீட்டுக்கு அடியில் கடலைத்தோல்.
இழுத்து, திருப்பி, தட்டி
வண்டியை என் உயரத்துக்குக் கொண்டுவருவேன்.
இதற்கெல்லாம் அறிவிப்பு வருவதில்லை.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில்
சிக்னல் அறுந்துவிடும்.
அவர் போனில் நான் நீலப் புள்ளியாய் அங்கேயே நிற்க
நான் மேலே போய்க்கொண்டிருப்பேன்.
பதினாலாவதில் நிறுத்துவேன்.
சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும்.
பத்து நிமிடம்.
பாட்டில்லை, போனில்லை, யோசனைகூட இல்லை.
யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத பத்து நிமிடம்.

ஆடியில் சண்டை போட்டு ஓடிபி வாங்கினேன்.
புள்ளி எனக்கும் தெரியத் தொடங்கியது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை.
நாகலூரிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.
ஒண்டிக்கடை தாண்டியதும் புள்ளி உறைந்தது.
கடைசியாகக் கண்டது: 6.52.
7.40க்கும் 6.52.
மலைப்பாதையில் பாறை உருண்டதென்று டிவியில்
ஓடிய வரி போன மழைக்கா இந்த மழைக்கா?
8.15க்கும் 6.52.

ஆப்பில் ஒரு பொத்தான் உண்டு:
ஹாரன் அடி, விளக்கைச் சிமிட்டு.
கல்யாண மண்டபத்தில் வண்டியைத் தொலைத்தவர்களுக்காக வைத்தது.
அழுத்தினேன்.
கட்டளை அனுப்பப்பட்டது. வண்டி பதில் தரவில்லை.
அழுத்தினேன்.
வண்டி பதில் தரவில்லை.
இதே புள்ளியைத்தான் அவர் வாரம் மூன்று நாள்
பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே
அழுத்தினேன்.

9.05க்குப் போன்.
"வண்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு.
அடிவாரத்துல செக்போஸ்ட்டுல நிறுத்துனேன்,
தானா கத்துது, தானா கண்ணடிக்குது.
ஃபாரஸ்ட்டுக்காரரு டார்ச் அடிச்சுப் பாக்கறாரு."
"பாறை விழுந்துச்சா?"
"இல்லியே."
"அப்புறம் ஏன் இவ்ளோ நேரம்?"
"சும்மா. நடுவுல கொஞ்சம் நின்னேன்."

நான்தான் என்று சொல்லவில்லை.
ஓட்டுநர் இரண்டு அனுப்பிய கட்டளைகள், பதினொன்று, என்று
அவர் போனில் அதற்குள் வந்திருக்கும்.
சாப்பிடும்போது கேட்டார்:
"வெரல் வலிக்குதா?"

திங்கள் காலை
சீட்டை முன்னால் இழுத்தேன்.
ஏழாவதில் புள்ளியை விட்டுவிட்டு
பதினாலாவதில் இறங்கினேன். முதல் முறையாக இறங்கினேன்,
எப்போதும் உள்ளேயே இருந்துவிடுவேன்.
தடுப்புச்சுவரின் அந்தப் பக்கம்
நனைந்த கடலைத்தோல் குவிந்திருந்தது.
மேலே இருந்தது சனிக்கிழமையுடையது.
அடியில் இருந்தது கறுத்து, மக்கி,
மண்ணாகத் தொடங்கியிருந்தது.